நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தொட்டுக் கும்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். படித்தவர், படிக்காதவர், சட்டையை உள்ளே விட்டவர், கைலி கட்டியவர், யாராக இருந்தாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதலில் செய்வது ஒன்றுதான். விரலால் திரையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள். தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் ஆட்டோவில் சாவி போட்டாலும் செய்கிற பழக்கம்தானே. எங்கள் மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது. விரல் பட்டதும் அந்த இடத்தை ‘ஆரம்பம்’ என்று பதிந்துகொள்ளும். பதிந்தால் பதிந்ததுதான்.

என் பெயர் ஜோஸ்பின். தூத்துக்குடி விபத்து விசாரணை ஆணையத்தில் மறைப்பு எழுத்தர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

இப்போதெல்லாம் சாட்சி சொல்ல யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலையில் தொப்பி மாட்டி இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தால் போதும். விபத்து நடந்த நாள் முழுவதையும் மிஷின் நினைவிலிருந்து உருவி எழுத்தாக அடித்துத் தந்துவிடும். நினைவுப்படி என்று பெயர். காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி கண் மூடுகிற வரைக்கும் இருநூறு பக்கத்துக்குக் குறையாது. பொய் கலக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் பார்த்தது, கேட்டது மட்டுமல்ல, மனதுக்குள் ஓடியதும் சேர்ந்தே வரும். படி முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு என்பது சட்டம். கைப்பேசி உள்ள எவனும் படிக்கலாம். நான் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு கிரேன் விபத்தில் சாட்சியான டீச்சர், அன்று காலையில் மாமியார் சாகமாட்டாளா என்று ஒரு நொடி நினைத்திருந்தாள். அந்த ஒரு வரியை ஊரே படித்தது. கிரேன் கயிறு எப்படி அறுந்தது என்பதை ஒருவரும் படிக்கவில்லை.

அதற்காகத்தான் மறைப்புரிமை கொடுத்தார்கள். வெளியிடும் முன் சாட்சி தன் படியில் ஒரு பகுதியை செலக்ட் செய்து அழித்துவிடலாம். ஒரே ஒரு பகுதி. ஒரு வரியாகவும் இருக்கலாம், நூறு பக்கமாகவும் இருக்கலாம், ஆனால் நடுவில் விட்டுவிட்டு எடுக்க முடியாது. இரண்டு இடம் என்று அனுமதித்தால் நாளைக்குப் பத்து இடம் கேட்பார்கள், படி சல்லடை ஆகிவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் பயந்தார்கள். ஆரம்பத்தை ஒருமுறைதான் வைக்க முடியும். முன்பெல்லாம் சாட்சிகளை மிரட்டி மிரட்டி ஆரம்பத்தை மாற்றவைத்து வழக்கை மாதக்கணக்கில் இழுத்திருக்கிறார்கள். முடிவை மட்டும், கட்டைவிரல் ரேகை வைக்கிறவரை, நகர்த்திக்கொள்ளலாம்.

கும்பிடுகிறவர்களுக்காக எழுத்தர்கள் நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படிக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைப்போம். எங்களுக்குள் அதற்குக் கும்பிடு பக்கம் என்று பேர். அது படியில் சேராது, அதனால் தொட்டாலும் ஒன்றும் பதியாது. சாட்சி வந்து ஆசை தீரத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் உள்ளே கூட்டிப்போவோம். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. கிடையாது என்பதால்தான் நான் செய்ததைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அன்றைய சாட்சி மாரிக்கனி. வயது இருபத்தேழு. ஹார்பர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே அமோனியா குழாய் வெடித்ததும் ஏழு பெண்கள் மூச்சுத் திணறிச் செத்ததும் ஊருக்கே தெரியும். கதவு ஏன் பூட்டியிருந்தது என்பதுதான் வழக்கு. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் நின்று உயிரோடு வெளியே வந்தவள் இவள் ஒருத்திதான்.

படியை முழுதாகப் படிப்பது எழுத்தரின் வேலை. படித்ததை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம். மாரிக்கனியின் படியில் மூன்று இடம் முக்கியம்.

தொண்ணூற்றேழாம் பக்கம், மதியச் சாப்பாட்டு நேரம். கூட வேலை பார்க்கிற ராஜகிளி டப்பாவைத் திறந்து காட்டுகிறாள். சோற்றுக்கு அடியில் ஒரு கைப்பிடி உரித்த இறால். “பிள்ள ஒரு வாரமா கேட்டுக்கிட்டே கெடக்கா. வெளிய சொல்லிராத” என்கிறாள். மாரிக்கனி சிரிக்கிறாள். அன்றைக்குச் செத்த ஏழு பேரில் ராஜகிளியும் ஒருத்தி.

நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று நாற்பது வரை விபத்து. மிஷின் பயத்தையெல்லாம் துண்டு துண்டாக அடிக்கும். ‘2.14. கதவு. இழுத்தேன். வரவில்லை. கண் எரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் போனில் பேசுகிறார். சார் சரக்கு குறையுது, ஆளச் சோதிக்கணும்னு நீங்கதான பூட்டச் சொன்னிய, இப்ப கேஸ் வருது சார், தொறக்கவா? போன் ஸ்பீக்கரில் முதலாளி குரல். சோதனை முடியாம ஒருத்தியும் வெளிய போகக்கூடாது.’ இப்படி இருபத்தெட்டுப் பக்கத்துக்கு மேல்.

நூற்று நாற்பத்தொன்று. ஐஸ் லாரி டிரைவர் பிரிட்டோ ஜன்னலை உடைத்து அவளை வெளியே இழுக்கிறான். முகத்தில் தண்ணீர் ஊற்றுகிறான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுகிறாள். மிஷின் அடித்திருந்தது: ‘வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் இரண்டு மாதத்தில் லோடு வேலை முடிந்துவிடும், அப்புறம் இவனோடு போய்விட வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்தால் வெட்டிப்போடுவான்.’

அந்த இரண்டு மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அண்ணன் சுடலைமணி ஆணையத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

*

பத்தேகாலுக்கு கம்பெனி வக்கீல் ஹரிகோவிந்தன் வந்தார். சென்னைக்காரர். மறைப்பு அறைக்குள் சாட்சியும் எழுத்தரும் தவிர எதிர்த் தரப்பில் ஒருவர் உட்காரலாம். சாட்சி திரையைத் தொட்ட பிறகு அவர் பேசக்கூடாது. தொடுமுன் பக்கத் தலைப்புகளைச் சரிபார்க்கலாம். இரண்டு தரப்புக்கும் நாங்கள் அட்டவணை கொடுப்போம். பக்க எண், நேரம், இடம் மட்டும் இருக்கும்.

“மேடம், நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நேரம் சரியா அச்சாயிருக்கான்னு ஒரு சந்தேகம். திறந்து காட்டுங்க.”

திறந்தேன். வக்கீலுக்குத் தெரியாதபடி எழுத்து மறைந்திருந்தது. தலைப்பில் 2.09 என்று இருந்தது.

“சரியாத்தான் இருக்கு” என்றார். நான் கும்பிடு பக்கத்துக்குத் திரும்பக் கையைக் கொண்டுபோனேன்.

“இருக்கட்டுமே. அப்படியே இருக்கட்டும். சாட்சிய வரச் சொல்லுங்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதருக்கு எங்கள் கும்பிடு பக்கம் தெரிந்திருந்தது. கம்பெனியில் யார் சோற்று டப்பாவில் என்ன ஒளித்தாள், யார் யாரை ஜன்னல் வழியாகத் தூக்கினான் என்று சூப்பர்வைசர் ஊதியிருப்பான். அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட வக்கீலுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஆரம்பம் 112-இல் விழுந்தால், தன் காதலை மறைக்க மாரிக்கனி 112-இலிருந்து 143 வரை செலக்ட் செய்தாக வேண்டும். நடுவில் உள்ள போன் பேச்சும் பூட்டிய கதவும் கூடவே போய்விடும். மேலே இருக்கிற இறால் டப்பா மட்டும் பத்திரமாக நிற்கும். திருட்டைத் தடுக்கப் பூட்டினோம், கேஸ் வந்ததும் திறக்கப் போனோம் என்று கம்பெனி சொல்லலாம், மறுக்கச் சாட்சி இருக்காது.

“ஸ்டெல்லா மேடம் இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

ஸ்டெல்லா எனக்கு அடுத்த அறை. இந்த மனிதரோடு ஒரு பக்கத் தலைப்புக்காகச் சண்டை போட்டு, அவர் எழுதிய புகாரில் ஏழு மாதமாக சஸ்பெண்டாகி வீட்டில் இருக்கிறாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். படியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஓர் எரிச்சல் இருந்தது. ஏழு பேர் செத்துக்கொண்டிருக்கும்போது இவளுக்கு ஒருத்தன் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். எத்தனை பேருடைய அந்தரங்கத்தைப் படித்தாலும் மனுஷபுத்தி போகாது. யோக்கியம் பேசுகிற பெண்களில் நானும் ஒருத்தி.

“சாட்சிய வரச் சொல்லு” என்று பியூனிடம் சொன்னேன்.

*

மாரிக்கனி வந்து உட்கார்ந்தாள். தடித்த விரல்கள், இறால் முள் குத்திக் குத்திக் கறுத்த நகக்கண்கள். துப்பட்டாவை இறுக்கிப் போட்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டாள், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

மிஷின் பெண் குரலில் சொன்னது: “ஆரம்பம் பதிவானது. பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.”

ஹரிகோவிந்தன் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“என்னது? நான் ஒண்ணும் செய்யலியே. கும்பிடத்தான செஞ்சேன்” என்றாள்.

“முதல் தொடுகைதான் ஆரம்பம். பதிஞ்சிருச்சு.”

“அழிங்க அத.”

“அழிக்க முடியாது. மறு அமர்வு வேணும்னா ரெண்டு தரப்பும் சம்மதிக்கணும்.”

அவள் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசக்கூடாதல்லவா, சட்டத்தை மதிக்கிறவர்.

“ராணின்னு பார்மசி கம்பெனிக் கேசுல வந்தாளே, அவ சொன்னா. மொதல்ல வெள்ளப் பக்கம் வரும், பெறவுதான் உள்ள போகணும்னு. நீங்கதான இந்தப் பக்கத்தத் தொறந்து வச்சிய?”

கையாளும் முறையை மட்டும்தான் சாட்சிக்குச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

“நீளமா எடுக்கணும்னா விரல இழுத்துக்கிட்டே போகாதீங்க, கை நழுவிரும். இந்தச் சக்கரத்த உருட்டி, முடிவு எங்க வேணுமோ அங்க போங்க. இடது கையால இந்தப் பச்சைப் பொத்தான அமுக்கிக்கிட்டு, வலது விரலால தொடுங்க. நடுவுல உள்ளது எல்லாம் நீலமாயிரும். நீலமா இருக்கிறதுதான் அழியும்” என்றேன்.

“எனக்கு வேண்டியது மூணு பக்கம். அத மட்டும் எடுக்க முடியாதா?”

“ஆரம்பத்துலருந்துதான் எடுக்க முடியும்.”

“அப்ப அந்தக் கதவு?”

நான் திரையைப் பார்த்தேன்.

“அந்தக் கதவும் போயிருமான்னு கேக்கேன்.”

“நடுவுல உள்ளது எல்லாம் போயிரும்.”

வெளியே வராந்தாவில் சுடலைமணி யாருடனோ சத்தமாகப் பேசுவது கேட்டது. அந்தக் குரல் கேட்டதும் அவள் கை தன்னால் வயிற்றுக்குப் போனதை நான் பார்த்தேன். பிறகு சக்கரத்தை உருட்டத் தொடங்கினாள். 118, 124, 131. வக்கீலுக்கு எழுத்து தெரியாதபடி திரை திரும்பியிருந்தது. படித்துக்கொண்டே போனாள். ஏழு பேரும் ஒவ்வொருவராக விழுகிற பக்கங்கள் அவை. 143-இன் கடைசி வரிக்கு வந்து, பச்சைப் பொத்தானை அமுக்கித் தொட்டாள். முப்பத்திரண்டு பக்கம் நீலமானது.

“பெருவிரல எங்க வைக்கணும்?”

“அந்தக் கண்ணாடியில.”

ஹரிகோவிந்தன் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

அவள் பெருவிரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. நான் மனதுக்குள், வை, சீக்கிரம் வைத்துத் தொலை, எழுந்து போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டால் நான் செய்தது முடிந்துபோன காரியம் ஆகிவிடும்.

“ஒரு நிமிசம். ராஜகிளி பேசுனத ஒருக்கா படிச்சுக்கிடுதேன். இனிமே அவ எங்க பேசப்போறா.”

விரலை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மேலே உருட்டினாள். 112-ஐத் தாண்டி 105, 100, 97. பச்சைப் பொத்தானிலிருந்து இடது கையை எடுக்க மறந்திருந்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். படித்தவள், கூட்டாளியின் பெயரைத் தடவுகிற மாதிரி, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

கீழே இருந்த நீலம் முழுவதும் வெளுத்தது. 97-இலிருந்து 112 வரை நீலமானது.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். 112-க்கு உருட்டிப் பார்த்தாள், 118-ஐப் பார்த்தாள். கதவு வெள்ளையாக இருந்தது.

“இது மேலயும் போவுமா?”

“போகும்” என்றேன்.

ஹரிகோவிந்தன் எழுந்துவிட்டார். “அப்ஜெக்‌ஷன். எழுத்தர் சாட்சிக்கு யோசனை சொல்றாங்க.”

“சாட்சி தொட்ட பிறகு நீங்க பேசக்கூடாது சார். கையாளும் முறையைக் கேட்டா நான் சொல்லலாம். விதி ஒன்பது.”

“ஆரம்பம்னா கீழதான் போகணும். அதுக்குத்தானே ஆரம்பம்னு பேரு!”

“பேரு வச்சது சட்டம் சார். மிஷினுக்கு அது ஒரு ஆணி, அவ்வளவுதான். கயித்த எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும்.”

எனக்கு இது பதினோரு வருடமாகத் தெரியும். முதலிலேயே சொல்லியிருந்தால் அது கையாளும் முறைதான், யோசனை அல்ல. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று இருந்துவிட்டேன்.

மாரிக்கனி என்னைப் பார்த்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தியளா?”

“ஆமா.”

“நீங்கள்லாம் வெளங்குவியளா?”

அவள் கேட்டது நியாயம்தான். அவள் முன்னால் இப்போது இரண்டு வழி இருந்தது. கீழே இழுத்தால் அவளுக்கு ஒரு வாரம் கிடைக்கும், பிரிட்டோவும் பிள்ளையும் தப்பிக்கலாம், முதலாளியும் தப்பிப்பான். மேலே இழுத்தால் ராஜகிளியின் டப்பா யாருக்கும் தெரியாமல் போகும், முதலாளியின் குரல் ஊருக்குக் கேட்கும், ஒரு மணி நேரத்தில் 141-ஆம் பக்கம் சுடலைமணியின் கைப்பேசியில் இருக்கும். மூன்றாவது வழி இல்லை.

“படிய எப்ப வெளியிடுவிய?”

“ரேகை வச்சதிலிருந்து ஒரு மணி நேரம். அச்சு சரிபார்க்கிற நேரம் அது.”

“ஒரு மணி நேரம்” என்றாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள். “ராஜகிளி மவளுக்கு எட்டு வயசு. அவளப் பாத்து நாலு பேரு உங்கம்மா இப்பிடின்னு சொல்லாம இருந்தா போதும். எனக்குன்னு வெட்டுறதுக்கு ஆளு இருக்கு, பேசவும் வாய் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?”

ரேகை வைத்தாள். மிஷின் நன்றி சொன்னது. நேரம் பன்னிரண்டரை.

ஹரிகோவிந்தன் தடதடவென்று வெளியே போனார். போகிற போக்கில் என் மேஜையில் கையை ஊன்றிச் சொன்னார்: “நீங்க சொல்லிக் கொடுத்துதான் இது நடந்ததுன்னு நான் நிரூபிப்பேன். அந்த மறைப்பு செல்லாதுன்னு வாங்குவேன். ஸ்டெல்லா மேடத்துக்குப் பேச்சுத் துணை கிடைக்கும்.”

மாரிக்கனி எழுந்தாள். முன்வாசலுக்குப் போக வராந்தாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

*

இதன் பிறகு ஒன்றே முக்கால் வரை என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்றே முக்காலுக்கு நான் என் நாற்காலியில் இருந்தேன். சுடலைமணி கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் கைப்பேசி. முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது.

“எங்க அவ?”

“யாரு?”

“என்னயக் கேணையன்னு நெனச்சியளா? வாசல்லயே உக்காந்திருக்கேன், உள்ள போனவ வெளிய வரல. எங்க ஒளிச்சு வச்சிருக்கிய?”

“சாட்சிய ஒளிச்சு வைக்கிறது என் வேலை இல்லை.”

“அவன் செட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன், லாரியும் இல்ல, அவனும் இல்ல.” நாற்காலியை எட்டி உதைத்தான், அது சுவரில் போய் மோதியது. “எங்கப்பன் செத்ததுல இருந்து நான் வளத்த பிள்ள அது. ஊரு முழுக்கப் படிச்சுச் சிரிக்குது. எதுத்த டீக்கடையில ஒருத்தன் சத்தம் போட்டு வாசிக்கான், தெரியுமா ஒங்களுக்கு? நூத்தி நாப்பத்தொண்ணாம் பக்கம்னு நம்பரு சொல்லி வாசிக்கான்!”

“அதுக்கு முன்னால இருபத்தெட்டுப் பக்கம் இருக்கே, அதையும் வாசிக்கிறானா?”

“எது?”

“ஏழு பேரு செத்தது.”

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். அந்தப் பக்கங்களை அவன் தாண்டிப்போயிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. உன் தங்கச்சி அந்தக் கதவுக்குப் பின்னால் பதினாறு நிமிஷம் நின்றாளே, அதைப் படித்தாயா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. அவனைத் திருத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது?

“சொல்லாட்டா ஒங்களையும் விடமாட்டேன்” என்றான். பியூனும் காவலரும் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் கத்திக்கொண்டே போனான்.

*

ஹரிகோவிந்தன் சொன்னபடியே செய்தார். எழுத்தர் ஜோஸ்பின் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தார், ஆகையால் மறைப்பு செல்லாது, 97 முதல் 112 வரை மீட்க வேண்டும் என்று மனு. மிஷின் அழித்ததை ஆறு மாதம் வரை மீட்கலாம் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். மறுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. என் தலையிலும் தொப்பி மாட்டினார்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த எழுத்தர் என் படியைப் படித்தார். வயதானவர், முகத்தில் ஒன்றும் காட்டாத ஆள். முதலில் கும்பிடு பக்கத்தைத் திறந்துவைத்தார். மாரிக்கனி மறைத்த பக்கங்களைப் பற்றி என் படியில் வருவதை மிஷின் தானாகவே கறுப்பாக்கிவிடும், அது போக எனக்கும் மறைப்புரிமை உண்டு. ஒன்றே ஒன்று.

மறைக்க எனக்கு இரண்டு இடம் இருந்தது. அறுபத்தைந்தாம் பக்கத்தில், வக்கீல் சொன்னதும் நான் கையை எடுத்துக்கொண்டது, அந்தப் பெண்ணைப் பற்றி அப்போது நான் நினைத்தது எல்லாம் இருந்தது. வேலையையும் ஓய்வூதியத்தையும் சேர்த்து விழுங்கப் போதுமான பக்கம். தொண்ணூற்று மூன்றிலிருந்து நூற்று ஒன்பது வரை மற்றது, பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே முக்கால் வரை நடந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம். ஆனால் நடுவில்தான் மறைப்பு அறையில் நடந்தது இருக்கிறது. அது போய்விட்டால் நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. ராஜகிளியின் டப்பா திரும்பி வந்துவிடும்.

மாரிக்கனியை நான் எந்த இடத்தில் உட்காரவைத்தேனோ அதே இடத்தில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். கோபம்தான் வந்தது. ஹரிகோவிந்தன் மேலும் என் மேலும்.

சக்கரத்தை உருட்டி ஆரம்பத்தை வைத்தேன். உருட்டி முடிவைத் தொட்டேன். ரேகை வைத்தேன். திருநெல்வேலிக்காரர் நீலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் படி முழுவதையும் படித்தவர்தானே, எல்லாம் தெரியும். “அறுபத்தஞ்சாம் பக்கம் வெள்ளையா நிக்கிதே, பரவாயில்லையாம்மா?” என்று கேட்டார். அப்படிக் கேட்பது விதிமீறல். நிற்கட்டும் என்றேன்.

மறைப்பு செல்லும் என்று தீர்ப்பானது. கம்பெனி முதலாளியின் குரலை எல்லாரும் கேட்டார்கள், ஆள் ஜாமீனில் இருக்கிறான். ஹரிகோவிந்தன் மேல் விசாரணை நடக்கிறது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள். மாரிக்கனி எனக்கு ஒரு கடிதம் போடவில்லை, போடவும் மாட்டாள். அன்றைக்குக் கடைசியாக அவள் என்னிடம் சொன்னது நன்றி அல்ல, அந்த வார்த்தையும் அழிந்துபோன பக்கங்களில்தான் இருக்கிறது.

என் படி இப்போது பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டது. சுடலைமணி தினமும் காலையில் அதே டீக்கடையில் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் பல் தேய்த்தது, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் திட்டியது, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோனேன் என்பதுவரைக்கும் படிக்கிறானாம். லாரி எந்த ரோட்டில் திரும்பியது, யார் வீட்டில் இறங்கினார்கள், எந்த ஊர்ப் பெயர் என் காதில் விழுந்தது என்று தேடுகிறான்.

தேடு, சுடலைமணி. தொண்ணூற்று இரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது நூற்றுப் பத்தாம் பக்கம்.